மலர்ந்த முகத்துடன் கட்டப்பட்ட வரி

வரி கட்டாமல் ஓடி ஒளிந்தவர்களைப் பற்றி எத்தனையோ கதைகள் உண்டு. வரிப் பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அரசாங்கத்தைத் துரத்திய ஆள் பட்டன்காரர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அவர் துரத்தத் துரத்த, அரசாங்கம் பிடிகொடுக்காமல் முன்னால் ஓடியது.

பட்டன்காரரின் கடையில் பட்டனைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ஊசி கேட்டால்கூட எதிர்க்கடையைக் கைகாட்டுவார். தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் உள்ளே இருக்கும் சரக்கில் ஒன்றைத் தைத்து வைத்திருப்பார். கோட்டுப் பட்டன், குழந்தைச் சட்டைப் பட்டன், இரண்டு கண் பட்டன், நாலு கண் பட்டன். வருஷத்தில் பெரும்பகுதி ஈ ஓட்டுவார். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் மட்டும் ஊரிலுள்ள தையல்காரர்கள் எல்லாரும் சீருடைச் சட்டைக்கு வெள்ளை பட்டன் வேண்டும் என்று கடை வாசலில் வந்து விழுவார்கள். அந்த ஒரு மாத வியாபாரத்தில்தான் மற்ற மாதங்களின் அடுப்பு எரிந்தது.

அவருக்கு ஒரு பழக்கம். விலை என்று யார் எதைச் சொன்னாலும் குறைத்துக் கேட்பார். வாய் தானாகக் கேட்டுவிடும். அப்பாவுக்குச் சவப்பெட்டி வாங்கப் போனபோதுகூட, "அம்மாவுக்கும் உங்ககிட்டதானே வாங்கினோம், பழைய வாடிக்கை, பாத்துப் போடுங்க" என்று சொல்லிக் கைப்பிடிகளை இலவசமாக வாங்கி வந்தவர். மற்றபடி நல்ல கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போய் மின்விசிறிக்குக் கீழே உட்காருவார். வரியும் வருஷம் தவறாமல் கட்டிவிடுவார். கட்டும்போது முனகுவார், ஆனால் கட்டிவிடுவார். முனகலுக்குத் தனியாக வரி கிடையாது என்பதால் அரசாங்கமும் அதைக் கண்டுகொண்டதில்லை.

இந்த நல்லுறவைக் கெடுத்தது ஒரு கல்யாணம்.

வரி அலுவலகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி, யாரோ அழைத்தார்கள் என்று சபையில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மாப்பிள்ளையும் அரசு ஊழியர் என்பதால் போதகர் பிரசங்கத்தின் நடுவே போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்: கிறிஸ்தவன் தண்டனைக்குப் பயந்து வரி கட்டக் கூடாது, மனச்சாட்சிக்காகக் கட்ட வேண்டும். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வரியைப் பற்றி ஒரு மனிதன் நாலு பேர் முன்னால் நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டது அதுவே முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. மணப்பெண்ணுக்காகக் கலங்குகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் கைக்குட்டை கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் அவர் மேஜையிலிருந்து ஒரு சுற்றறிக்கை புறப்பட்டது. கிறிஸ்தவர்கள் மனச்சாட்சியால் வரி கட்ட வேண்டும் என்பது அவர்களுடைய மார்க்கத்தின் போதனை. ஆகவே பயத்தாலோ முனகலோடோ ஒரு கிறிஸ்தவர் கட்டும் வரி, அவர் கணக்குப்படியே, குறையுள்ள சரக்கு. அரசு குறையுள்ள சரக்கை வாங்குவதில்லை. இனி அலுவலகத்தில் மனச்சாட்சிப் பிரிவு என்று ஒன்று இயங்கும். கையொப்பம்.

இது எதுவும் தெரியாமல் பட்டன்காரர் தன் வரியான நாலாயிரத்து எண்ணூறைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனார்.

"எண்ணூறு எதுக்கும்மா ஒட்டிக்கிட்டு இருக்கு? நாலாயிரத்து ஐநூறுன்னு ரவுண்டா போட்டுக்கங்களேன்," என்றார், பழக்க தோஷத்தில்.

கவுண்டரில் இருந்த அம்மா பணத்தை வாங்கவில்லை. அவர் முகத்தை வாங்குவதுபோலப் பார்த்தார்.

"நீங்க கிறிஸ்தவரா?"

"ஆமாம்மா."

"இப்ப பெருமூச்சு விட்டீங்களே?"

"மாடிப்படி ஏறி வந்தேன்மா."

"இல்லையே. மூச்சு வாங்கி முடிச்சிட்டு, பணத்தை ஒருதடவ பாத்திட்டு, அப்புறந்தான் விட்டீங்க." அந்த அம்மா ஒரு ரப்பர் முத்திரையை எடுத்து அவருடைய தாளில் ஓங்கிக் குத்தினார். 'முறுமுறுப்பு' என்று சிவப்பில் விழுந்தது. "பணத்தை எடுத்திட்டுப் போங்க சார். மனசு சரியானதும் வாங்க."

வரி கட்டாதவர் கடைக்குச் சீல் வைக்க வேண்டும் என்பது வேறொரு பிரிவின் வேலை. அந்தப் பிரிவு சுறுசுறுப்பானது. மறுநாள் காலையில் பட்டன் கடைப் பூட்டின்மேல் கயிறும் அரக்கும் இருந்தன.

மனைவி அரக்கைத் தொட்டுப் பார்த்தார். எதிர்க்கடையைத் திரும்பிப் பார்த்தார். எதிர்க்கடைக்காரர் ஜிப் விற்பவர். பூட்டைப் பார்த்து அவர் 'அடடா' என்று சொன்ன விதத்திலேயே, வெள்ளை பட்டனுக்கு ஆர்டர் போட்டுவிட்டார் என்பது தெரிந்தது.

"கட்டலன்னா சீல் வைக்கிறாங்க. கட்டப் போனா வாங்க மாட்டேங்கிறாங்க. என்னதாங்க வேணுமாம் அவங்களுக்கு?"

"சிரிக்கணுமாம்."

"யாரு?"

"நான்தான்."

மனைவி அவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "பள்ளிக்கூடம் தொறந்திடுமேங்க," என்றார் கவலையோடு.

மனச்சாட்சிப் பிரிவு, பழைய சாமான் போடும் அறையில் இயங்கியது. பழைய சாமான்களைக் காலி செய்யவில்லை. திரை போட்டு மறைத்திருந்தார்கள். ஆளுயரக் கண்ணாடி ஒன்று. சுவரில் சூரிய உதயப் படம். நடுவில் வெல்வெட் விரித்த ஒரு தட்டு. தட்டுக்குப் பொறுப்பு பியூன். பிரிவுக்குப் பொறுப்பு அதிகாரி.

"உக்காருங்க," என்றார் அதிகாரி. "உங்க மார்க்கத்துமேல எனக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா? மத்தவங்க பணத்தை மட்டும் குடுத்தா போதும்னு விட்டுடறோம். உங்ககிட்டதான் மனசையும் எதிர்பாக்குறோம். இது எவ்வளவு பெரிய கௌரவம்! இத்தனை வருஷ சர்வீஸ்ல ஜனங்க என்னைப் பாத்தா எதிர்ப்பக்கமா நடந்து போயிடுவாங்க. சொந்தத் தம்பியே வீட்டுக்கு வந்தா வாட்சைக் கழட்டிப் பையில போட்டுக்குவான். உங்க சபையிலதான், நாங்களும் கடவுள் நியமிச்ச ஆளுங்கன்னு ஒருத்தர் சொல்லக் கேட்டேன். அந்தச் சந்தோஷத்தை நான் விட்டுடுவேனா? சொல்லுங்க, நீங்க ஏன் வரி கட்டுறீங்க?"

"கடைக்குச் சீல் வெச்சிட்டீங்களே, அதான்."

"அப்ப பயத்தால கட்டுறீங்க."

"சீல் வெக்கிறதுக்கு முன்னாடியும் கட்டத்தாங்க வந்தேன்."

"அப்ப ஏன் வந்தீங்க?"

"வரலன்னா சீல் வெப்பீங்களேன்னு."

அதிகாரி வருத்தத்துடன் தலையசைத்தார். இருந்தாலும் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்று பியூனிடம் கண்ணைக் காட்டினார். பியூன் தட்டை நீட்டினார். பட்டன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, அதாவது சிரித்துக்கொண்டு, பணத்தைத் தட்டில் வைத்தார். பியூன் தட்டை இழுத்தார். தட்டு வந்தது, பணம் வரவில்லை.

"விரல் விடலீங்கய்யா," என்றார் பியூன். "கட்டைவிரல் விட்டிடுச்சு. ஆள்காட்டி விரல்தான் பிடிச்சிட்டிருக்கு."

"அது பரம்பரைங்க," என்றார் பட்டன்காரர் பரிதாபமாக. "எங்கப்பா விரலும் அப்படித்தான். சம்பளம் குடுக்கும்போது ஆளுங்க நோட்டைக் கிழியாம உருவிக்கிட்டுப் போறதுக்குப் பழகி வெச்சிருந்தாங்க."

பிரிவின் விதிப்படி, விரல் தேறாதவர்கள் தங்கள் சபையிலிருந்து மனச்சாட்சி நன்றாக இருப்பதாகச் சான்று வாங்கி வர வேண்டும்.

சபைக் கமிட்டி அன்று சாயங்காலமே கூடியது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூன்று பேர்: போதகர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், பொருளாளர். பொருளாளர், பட்டன்காரரின் மனைவிக்கு அண்ணன். ஆகவே காரியம் சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு பட்டன்காரர் சுவரோரமாக நின்றார்.

"நான் சாதாரணமாத்தான் சொன்னேன்," என்றார் போதகர், கைகளைப் பிசைந்துகொண்டு. "அந்த அதிகாரி வந்து உக்காந்திருக்கார்னு தெரிஞ்சிருந்தா பொறுமையைப் பத்திப் பேசிட்டு இறங்கிருப்பேன்."

தலைமை ஆசிரியர் எழுந்தார். "அதிகாரத்துக்குக் கீழ்ப்படியணும். அவ்வளவுதான். காரணம் கேக்கக்கூடாது. நான் ரோட்டுல சிவப்பு விளக்கு எரிஞ்சா நிப்பேன். வண்டி வாகனம் இல்லாத நேரத்துலகூட நிப்பேன். ஒருநாள் விளக்கு பழுதாகி சிவப்புலேயே நின்னிடுச்சு. ரிப்பேர்க்காரன் வர்ற வரைக்கும் நின்னேன். என் பின்னால நின்னவங்கள்ல ரெண்டுபேர் என்னைத் திட்டினாங்க. ஒருத்தர் டீ வாங்கிக் குடுத்தார். சான்றிதழ் கேட்டாங்களா? குடுத்திடணும்."

"குடுக்கக்கூடாது!" என்று பொருளாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "பணம் ராயனுக்கு, அதாவது அரசாங்கத்துக்கு, உரியது. கேட்டா குடுத்திடலாம். மனச்சாட்சி யாருக்கு உரியது? தேவனுக்கு! அதுக்குச் சான்றிதழ் கேக்க ராயன் யாரு? மனுஷனா தேவனான்னு வந்தா நாம தேவன் பக்கம்தான் நிக்கணும்."

அறை சிலிர்த்தது. போதகருக்கே ஒரு வேகம் வந்துவிட்டது. அந்த வேகத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டார். "அப்ப நம்ம சபைக் கல்யாண மண்டபத்துக்கு வரி நோட்டீஸ் வந்து கிடக்கே, அது?"

"மண்டபம் தேவனுடையது. அவருக்கு ஏது வரி?"

"மண்டப வாடகை?"

"அது சபையுடையது. சபைன்னா கமிட்டி."

"கரண்ட் பில்?"

"கரண்ட் அரசாங்கத்துடையது. ராயனுடையதை ராயனே கட்டிக்கட்டும்னுதான் விட்டிருக்கேன்."

பட்டன்காரர் மெல்ல இருமினார். "மச்சான், அடுத்த வாரம் பள்ளிக்கூடம் தொறக்குறாங்க. ஒரு லெட்டர்..."

"மாப்ள, இது உங்க கடை விஷயம் இல்ல. தத்துவ விஷயம். குறுக்க பேசாதீங்க."

தத்துவம் இரவுச் சாப்பாட்டு நேரம் வரை நடந்தது. கீழ்ப்படியவும் வேண்டும், பணியவும் கூடாது என்பதால், கடைசியில் இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு கடிதம் தயாரானது. 'இதைக் கொண்டுவரும் சகோதரர் மனச்சாட்சி உள்ளவர் என்று அறிகிறோம். அது இப்போது என்ன நிலையில் உள்ளது என்று அறியோம். கீழ்ப்படிதலின் நிமித்தம் இக்கடிதத்தைத் தருகிறோம். மனச்சாட்சியின் நிமித்தம் இதில் கையெழுத்திடவில்லை.'

அதிகாரி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் கையெழுத்து இல்லை. ஆனால் அவர் கோபப்படவில்லை. முகத்தில் ஒரு பரவசம்.

"பரவாயில்ல. நான் உங்க வேதத்தை உக்காந்து படிச்சேன். முன்னுதாரணம் கிடைச்சிருச்சு. உங்க குருவோட சீடர்கிட்ட வரி கேட்டப்ப என்ன பண்ணாங்க? தூண்டில் போட்டாங்க. மீன் வாயில காசு இருந்துச்சு. எடுத்துக் கட்டிட்டாங்க. பயம் இருந்துச்சா? இல்ல. பெருமூச்சு? இல்ல. விரல்? அது மீன், அதுக்கு விரலே கிடையாது! உங்க ஆளுங்களுக்கு ஏத்த முறை இதுதான்னு மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்கிட்டேன். வாங்க, மீன் கவுண்டருக்கு."

மீன் கவுண்டர் கொல்லைப்புறத்தில் இருந்தது. தீயணைப்புக்காகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி. உள்ளே ஒரே ஒரு மீன். குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எடுத்தவர் கொண்டுவந்து விட்டது. வயசான மீன். தண்ணீரின் அடியில், யாரையும் தெரியாது என்பதுபோல நின்றுகொண்டிருந்தது. பியூன் ஒரு ஸ்டூலையும் தூண்டிலையும் கொடுத்தார்.

பட்டன்காரர் தூண்டில் போட்டார். மீன் வந்தது. பியூன் அதன் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"காசு இல்லீங்க. திரும்ப விடுங்க. மறுபடி பிடிங்க."

மறுபடி பிடித்தார். மறுபடி டார்ச். மதியத்துக்குள் மீனுக்குப் பழகிவிட்டது. தூண்டில் தண்ணீரைத் தொடும் முன்பே மேலே வந்து, கொக்கியை லட்சியம் செய்யாமல், பியூனைப் பார்த்து வாயைத் திறந்து காட்டியது. அந்த அலுவலகத்திலேயே, தன்னிடம் எதுவும் இல்லை என்று வெளிப்படையாகக் காட்டிய ஒரே ஜீவன் அதுதான்.

"ஐயா," என்றார் பட்டன்காரர், முதுகைப் பிடித்துக்கொண்டு. "என் பணத்தை நானே அது வாயில ஒரு நிமிஷம் வெச்சு எடுத்துத் தந்திடட்டுமா?"

அதிகாரி இரண்டடி பின்வாங்கினார். "அற்புதத்துல மோசடியா? என்ன மனுஷன் சார் நீங்க!"

வீட்டில் மனைவி அவர் முதுகில் தைலம் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அவர் நடந்ததைச் சொன்னார். மனைவியின் கை நின்றது.

"ஏங்க, வேதத்துல வர்ற அந்த வரிக் கதைல, வரி கட்டலாமா வேண்டாமான்னு வந்து வம்புக்குக் கேட்டவங்ககிட்ட ஆண்டவர் என்ன சொன்னார்? காசைக் காட்டுங்கன்னு சொன்னார். பல்லைக் காட்டுங்கன்னு சொன்னாரா?"

"இல்லையே."

"அப்புறம் எதுக்கு ஆளாளுக்கு உங்க வாயையும் மீன் வாயையும் பாத்துக்கிட்டு இருக்காங்க? குடுக்க வேண்டியதைக் குடுத்தா முடிஞ்சுது. முனகுறது நம்ம வீட்டு விஷயம்." தைலப் புட்டியை மூடினார். "எதிர்க்கடைல இன்னிக்கு ஒரு வண்டி பெட்டி இறங்குச்சு. வெள்ளை பட்டன். பக்கத்துத் தெருத் தையல்காரர் போய் விலை கேட்டிட்டு வந்தார். என்னைப் பாத்ததும் சும்மா ஜிப் பாக்கப் போனேன்னு சொன்னார்."

பட்டன்காரருக்கு அன்று தூக்கம் இல்லை.

விடிந்ததும் பியூனே வீடு தேடி வந்தார். அதிகாரி கையோடு கூட்டிவரச் சொன்னாராம். போய்ப் பார்த்தால், அதிகாரி கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்தைத் தானே சோதித்துக்கொண்டிருந்தார். தேறவில்லை.

"சார், நாளைக்குத் தலைமை அலுவலகத்துல இருந்து பெரிய அதிகாரி வர்றார். இந்தப் பிரிவு எவ்வளவு வசூல் பண்ணிருக்குன்னு கேப்பார். ஒருத்தர்கூடத் தேறல சார்! ஒரு பல் டாக்டர் நல்லாச் சிரிச்சார். அப்புறம் பாத்தா அது அவர் சொந்தப் பல்லு இல்ல. தள்ளிட்டோம். உங்களைத்தான் நம்பியிருக்கேன். பிரிவை மூடினா என்னையும் பியூனையும் பழைய கோப்பு அறைக்குப் போட்டிடுவாங்க. தயவுசெஞ்சு சொல்லுங்க, என்ன பண்ணினா உங்களுக்குச் சந்தோஷம் வரும்?"

பட்டன்காரர் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு அலுப்பாக இருந்தது.

"குறைச்சாத்தாங்க வரும். பணம் குடுக்கிறது எனக்குக் கஷ்டமில்ல. சொன்ன விலையக் குடுக்கிறதுதான் கஷ்டம். கொஞ்சமாவது குறைச்சாத்தான் குடுத்த மாதிரியே இருக்கும்."

"வரியைக் குறைக்கச் சட்டத்துல இடம் இல்லையே," என்று அதிகாரி தளர்ந்து உட்கார்ந்தார். அப்போது பியூன் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். பியூனின் மாமனார் சந்தையில் குடை விற்பவர். அதிகாரியின் முகம் மெல்ல நிமிர்ந்தது. "குறைக்கத்தான் இடமில்ல... முதல்ல கூட்டிச் சொல்லக்கூடாதுன்னு எங்கயும் எழுதல, இல்ல?" என்று பியூனிடம் முணுமுணுத்தார். பிறகு கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டே சொன்னார்:

"ஒன்பதாயிரம்."

"என்னாது!"

"வரி, அபராதம், தாமதக் கட்டணம், அரக்கு, கயிறு, மீன் தீனி."

பட்டன்காரரின் உடம்பில் ரத்தம் புதிதாக ஓடியது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மீன் தீனியா? அது என்னைப் பாத்து வாயைத் தொறந்ததே தவிர ஒருவாய் தின்னிருக்குமா? மூவாயிரம் தர்றேன்."

"மூவாயிரத்துக்குக் கயிறு வராதுங்க. எட்டாயிரம்."

"கயிறா அது? கையால பிச்சா பிஞ்சுடும். அரக்குல பாதி மெழுகு. நானும் வியாபாரிதான் சார், எங்கிட்டயேவா? மூவாயிரத்து ஐநூறு."

"உங்களுக்காக ஏழு."

"எனக்காகவா? என் கடைய மூடினதே நீங்கதானே! சரி விடுங்க, தோதுப்படாது." பட்டன்காரர் எழுந்து வாசல்வரை நடந்தார். செருப்பில் காலை நுழைத்தார். மெதுவாகத்தான் நுழைத்தார். பின்னாலிருந்து குரல் வர வேண்டுமே என்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"சரி சரி, வாங்க இங்க!" என்றது அரசாங்கம். "கடைசியா ஒரு விலை சொல்லுங்க."

எந்த அரசாங்கமாவது யாரையாவது இப்படித் திரும்பக் கூப்பிட்டதுண்டா? பட்டன்காரர் செருப்பை உதறினார். திரும்பி வந்து, நாலாயிரத்திலிருந்து ஏறி, ஆறிலிருந்து இறக்கி, இரண்டு தடவை மேஜையைத் தட்டி, ஒரு தடவை தன் மனைவி மக்களை நினைத்துக் கண்கலங்கி, ஐயாயிரத்தில் முடித்தார். ஒன்பதாயிரத்தை ஐயாயிரத்துக்கு! கண்ணாடியில் தெரிந்த முகத்தை அவருக்கே அடையாளம் தெரியவில்லை. அப்படி ஒரு பிரகாசம். பியூன் தட்டை இழுத்தார். பணம் வெண்ணெயில் வழுக்கியது போல வந்தது.

"அஞ்சு விரலும் விட்டிடுச்சுங்கய்யா!" என்று பியூன் கத்தினார். அதிகாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். 'மலர்ந்த முகத்துடன் பெறப்பட்டது' என்ற முத்திரையை, செய்துவைத்த நாளிலிருந்து மையையே பார்க்காத முத்திரையை, ஓங்கிக் குத்தினார்.

ஒரே ஒரு விதி மிச்சம் இருந்தது. செலுத்தியவரின் மகிழ்ச்சி அன்று அலுவலகம் மூடும் வரை நிலைத்திருக்க வேண்டும். இடையில் முகம் சுருங்கினால் சீல் பழையபடி செல்லும். மேற்பார்வைக்கு பியூன் கூடவே வருவார்.

கடை திறந்ததுதான் தாமதம், தையல்காரர்கள் குவிந்துவிட்டார்கள். எதிர்க்கடையில் நின்றவர்கள்கூட, அங்கே ஜிப்தான் பார்த்தோம் என்று தாங்களாகவே சொல்லிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். பட்டன்காரர் பெட்டி இறக்கிக்கொண்டே மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். பியூன் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பதாயிரம் சொன்னாங்க. ஐயாயிரத்துக்கு முடிச்சேன்! எப்படி?"

"நம்ம வரி எவ்வளவுங்க?" என்றார் மனைவி, பட்டன் எண்ணுவதை நிறுத்தாமல்.

"நாலாயிரத்து எண்ணூறு."

"குடுத்தது?"

"ஐயா..." பட்டன்காரரின் வாய் திறந்தபடி நின்றது. "அது... அபராதம்லாம் சேத்து..."

"அபராதம் எதுக்கு? நீங்க கட்டத்தானே போனீங்க? அவங்கதானே வாங்கல? அவங்க உங்களுக்குக் கட்டணும் அபராதம்."

முகம் சரசரவென்று இறங்கியது. ஸ்டூலில் இருந்து பியூன் பாதி எழுந்தார்.

"சிரிங்க!" என்று மனைவி பல்லைக் கடித்துச் சொன்னார். பட்டன்காரர் சிரித்தார். தையல்காரர்கள் அதைப் பார்த்தார்கள். அவர்களும் விவரமானவர்கள்தான்.

"அண்ணே நல்ல மூடுல இருக்கார்டா. அண்ணே, விலைல பாதி போட்டுக்கலாமா?"

மறுத்தால் முகம் சுருங்கும். பட்டன்காரர் கண்ணில் நீர் முட்டச் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"அண்ணே, ஒரு டஜன் சும்மா குடுங்கண்ணே!"

சிரித்தார். தலை ஆடத் தொடங்கிய நேரத்தில் மனைவி இடையில் வந்து நின்றார்.

"வரி இவர் பேர்ல. சிரிக்க வேண்டியது இவர். விலை சொல்றது நான். எனக்கு எந்தச் சட்டமும் இல்ல," என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். தையல்காரர்கள் மரியாதையாகப் பணத்தை எடுத்தார்கள்.

கூட்டம் குறைந்ததும் மனைவி பியூன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நாலாயிரத்து எண்ணூறு வரிக்கு மேல வாங்கி எழுத உங்க புத்தகத்துல இடம் இருக்கா?"

"இல்லீங்கம்மா. வரி எவ்வளவோ அவ்வளவுதான் ஏறும்."

"அப்ப மீதி இருநூறு எங்க?"

பியூனின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போய்விட்டது. "நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றாரும்மா... டீ, பிஸ்கட்டுக்குன்னு ஐயா குடுத்து வெச்சார். நல்ல பிஸ்கட்டா வாங்கச் சொன்னார்."

"ராயனுக்கு வரி குடுக்கச் சொல்லிருக்கு, குடுத்தாச்சு. பிஸ்கட் குடுக்கச் சொல்லல." மனைவி கணவரைப் பார்த்தார். "என்னங்க, சிரிக்கிறத நிறுத்துங்க."

பட்டன்காரர் நிறுத்தினார். அன்றைய பொழுதில் அவர் செய்த சுலபமான வேலை அதுதான்.

"அம்மா, அம்மா! முகம் சுருங்குனா சீல் வெக்கணும்மா!" என்று பியூன் எழுந்தேவிட்டார்.

"தாராளமா வைங்க. நாளைக்கு வர்ற பெரிய அதிகாரிக்கு மீனைக் காட்டுங்க."

பியூன் மீனை நினைத்துப் பார்த்தார். பழைய கோப்பு அறையையும், அதில் தனக்காகக் காத்திருக்கும் தூசியையும் நினைத்துப் பார்த்தார். "நூறு?" என்றார்.

"இருநூறு."

"நூத்தம்பது. எனக்கும் கௌரவம் இருக்கும்மா."

"இருநூறுண்ணே. இது விலை இல்ல, குறைக்கிறதுக்கு. இது எங்க பணம்."

பியூன் ஒரு பெருமூச்சு விட்டு இரண்டு நோட்டுகளை எடுத்து நீட்டினார். மனைவி வாங்கிக் கல்லாவில் போட்டு மூடினார்.

பட்டன்காரரின் முகம் மலர்ந்தது. முதலில் கண், அப்புறம் கன்னம், அப்புறம் இருந்த பல் எல்லாம். எதிர்க்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். பியூன் மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, தன் தாளில் 'மகிழ்ச்சி உண்மையானது. நேரில் கண்டேன்' என்று எழுதினார். எழுதிவிட்டுத் தாங்காமல் கேட்டார்:

"ஏன் சார், இவ்வளவு நல்ல சிரிப்பு! இத்தனை நாளா எங்க சார் வெச்சிருந்தீங்க?"

"உங்க ஆபீஸ்லதாங்க இருந்துச்சு," என்றார் பட்டன்காரர். "இப்பத்தான் திருப்பிக் குடுத்தீங்க."